இழுக்கக் கூடாத கை

அவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் கடைக்கு வந்தால் என் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டே இருப்பார். சோற்றுப் பார்சலைப் பிரித்தால்கூட நின்றபடிதான் சாப்பிடுவார். கேட்டால், "இருந்தா நித்திரை வந்திடும்" என்பார். நித்திரை வருகிற ஆள் மாதிரி ஒரு நாளும் தெரியவில்லை.

கண்டியைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் அவர் பிசியோதெரபிஸ்ட். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்களை எழுப்பி நடக்க வைப்பது அவர் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர்; படிக்க வந்து பேராதனைப் பக்கமே தங்கிவிட்டவர். எனக்கு அவர் பெயர் தெரியும். ஆனால் எல்லாரையும் போல 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டேன், அதனால் இங்கேயும் மிஸ்தான்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு அச்சகத்தில் எனக்கு வேலை. கல்யாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், மிளகாய்த்தூள் பைக்கெட்டுக்கு லேபிள். எல்லாம் கம்பியூட்டரில் நான்தான் அமைப்பேன். மிஸ் முதன்முதலாக வந்த அன்று கையில் ஒரு தாளை வைத்திருந்தார். நோயாளியைக் கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது என்று வீட்டுக்காரருக்குச் சொல்லும் தாள். ஏதோ ஒரு நலன்புரிச் சங்கம் இணையத்திலிருந்து படங்களை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அச்சடித்துக் கொடுத்திருந்தது.

"இந்தப் படத்தை மாத்த ஏலுமோ?" என்றார் முதலாளியிடம்.

"படத்துக்கு என்ன மிஸ்? நல்ல கலரா ஈக்குதே."

மிஸ் முதலாளியைக் கதிரையில் உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்தார். "இந்தக் கைக்கு உயிரில்லை எண்டு நினையுங்கோ" என்று அவரது வலது கையைத் தூக்கி, படத்தில் இருந்த மாதிரியே கக்கத்துக்குள் தன் கையைக் கொடுத்துக் கொஞ்சம் மேலே இழுத்தார். முதலாளி "உம்மா!" என்று கத்திவிட்டார்.

"உங்களுக்குத் தசை பிடிச்சிருக்கு, அதாலை சும்மா நோகுது. அவைக்குத் தசை பிடிக்காது. மூட்டே கழண்டு கீழ வரும். இந்தப் படம் அதைத்தான் செய்யச் சொல்லுது."

முதலாளி தோளைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "புள்ள, அந்தக் கைய மாத்திக் குடுங்க."

நான் வேலை செய்யும் மென்பொருளில் படம் என்பது கோடுகள். கோடு என்பது புள்ளிகள். ஒரு புள்ளி வைத்து, தள்ளி இன்னொரு புள்ளி வைத்துப் பிடித்து இழுத்தால் நடுவில் கோடு வளையும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. லேபிளுக்குக் கீறியதைப் பெரிய போர்ட்டுக்கும் எடுக்கலாம். யாரோ கீறிய படத்தைப் பிரித்துக் கையைத் தனியாக, தலையைத் தனியாக நகர்த்தவும் முடியும். நான் நகர்த்தினேன். படத்துப் பெண்ணின் கையைக் கழற்றி இடுப்பில் வைத்தேன். கடையில் விழுந்து உடைந்த பொம்மையை அவசரத்தில் ஒட்டியது போல இருந்தது.

மிஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "உமக்குக் கீறத் தெரியாதோ?"

"கீறத் தெரியாது மிஸ். கம்பியூட்டர்தான் தெரியும்."

"எனக்கு ரெண்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தார். கட்டுகஸ்தோட்டையில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று நடக்கிறதாம். காலையில் பென்சில், பின்னேரம் கம்பியூட்டர். என் பெயரையும் பதிந்துவிட்டாராம். "நீர் வருவீர்தானே?" என்று கேட்டார். பதிந்த பிறகு கேட்கிற பழக்கம் அவருக்கு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எத்தனையோ வருஷமாக அடுத்தவர் கீறியதையே நகர்த்திக்கொண்டிருந்த எனக்குள் ஒரு ஆசையும் இருந்தது. போனேன்.

வகுப்பு ஒரு பார்மசிக்கு மேல்மாடியில். யன்னலால் பார்த்தால் பாலமும் ஆறும், பஸ்களின் முதுகும். சொல்லித்தந்த சேர் அலவத்துகொட ஊர்ப் பையன். எங்கள் இரண்டு பேரையும்விட வயது குறைவு. மிஸ் அவரைத் 'தம்பி சேர்' என்று கூப்பிடுவார். அவர் அதைக் கேட்டு வெட்கப்படுவார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "கம்பியூட்டர் ஒங்களுக்குக் கோடு தரும். எங்க போடணும்னு அதுக்குத் தெரியாது. அது ஒங்கட கண்ணுலதான் ஈக்கணும்."

அவரவர் இடது கையைப் பார்த்துக் கீற வேண்டும். அதுதான் பாடம். மிஸ்ஸுக்குக் கையில் உள்ள எலும்பெல்லாம் பெயரோடு தெரியும். மணிக்கட்டில் எத்தனை எலும்பு, எது எதோடு பொருந்துகிறது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வார். அவர் கீறிய கையோ இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தது. பென்சிலை அழுத்தி அழுத்தி முனை உடைந்தது. அழிறப்பரால் தேய்த்ததில் தாள் கிழிந்தது. எழும்பி யன்னலடிக்குப் போனார், வந்தார், என் தாளைப் பார்த்தார், திரும்பவும் போனார்.

"மிஸ், கொஞ்சம் ஒக்காந்து பாருங்களே" என்றார் சேர்.

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும் தம்பி சேர். வெளியிலை எப்பிடி இருக்கெண்டுதான் தெரியேல்ல."

வகுப்பில் எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வேடிக்கைக்குச் சொன்னதல்ல அது.

பிழையான படம் ஒன்று கண்ணில் பட்டால் அவரால் அதைக் கடந்து போக முடியாது. இதனால் அவரோடு கடைத்தெருவில் நடப்பது ஒரு தண்டனை. கால் மாறி இருக்கும் செருப்பு விளம்பரம், முழங்கை பின்பக்கம் மடிந்த தையற்கடைப் பெண். எல்லாவற்றுக்கும் நின்றுவிடுவார். ஒரு நாள் மார்க்கெட்டில் தேயிலை பைக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுந்து பறிக்கும் பெண் படம். யாரோ கம்பியூட்டரிடம் சொல்லிச் செய்வித்தது, பார்த்தவுடனே தெரியும். கையில் ஆறு விரல். கூடை இடுப்பில் கைப்பை மாதிரித் தொங்கியது. பன்வில தோட்டத்தில் பிறந்த எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் சுமந்தவர்.

மிஸ் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கடைக்காரர் எண்ணிப் பார்த்தார். "ஒரு வெரல் கூட இருந்தா ரெண்டு கொழுந்து கூடப் பறிப்பா, விடுங்க மிஸ்."

பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பஸ் ஏறிய பிறகும் மிஸ் யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே நின்றார். வத்தேகம பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. "அச்சடிச்சவன், கட்டினவன், வித்தவன், வாங்கினவன்… ஒருத்தரும் எண்ணிப் பாக்கேல்லை" என்றார். எனக்கு அப்போது இந்த மனுஷியோடு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு பைக்கெட்டுக்கு இவ்வளவு கவலையா?

அவர் எதையும் தன் உடம்பில் போட்டுப் பார்க்காமல் கீறமாட்டார். சாய்ந்த ஆளைக் கீற வேண்டுமென்றால் முதலில் தானே சாய்வார். மூன்றாவது மாதமோ என்னமோ, ஒரு சனிக்கிழமை சாரியோடு வகுப்பின் நடுவில் தரையில் படுத்துவிட்டார். "எனக்கு வலப்பக்கம் ஏலாது. ரெண்டு பேரும் என்னை எழுப்புங்கோ" என்றார். நானும் பேராதனையிலிருந்து வந்த ஒரு மாணவியும் குனிந்து தூக்கினோம். பாதி எழும்பியபோது, "நில்லுங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!" என்று சத்தம் போட்டு, எங்கள் கைகளில் தொங்கியபடியே ஏலுகிற கையை நீட்டித் தன் படக்கொப்பியைக் கேட்டார். தன் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பாரம் எங்கே இருக்கிறது என்று அந்த நிலையிலேயே கீற வேண்டுமாம். எனக்கு முதுகு விட்டுப்போனது. அந்த மாணவிக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவ, மூன்று பேரும் விழுந்தோம். கீழேயிருந்த பார்மசிக்காரர் மேலே ஓடி வந்தார். தரையில் கிடந்த மிஸ், "ஒண்டுமில்லை, படம் கீறுறம்" என்றார்.

சேர் மட்டும் மூலையில் நின்று அந்த நேரத்துக்குள் வேகமாக ஏழெட்டுக் கோடு போட்டிருந்தார். முகமில்லை, விரலில்லை. ஆனால் மூன்று பேரும் விழப்போவது அதில் தெரிந்தது. மிஸ் அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "முதலிலை உடம்பு எங்க போகுதெண்டு கீறணும். கை கால் பிறகு" என்றார், தனக்குத் தானே.

அதன் பிறகு அவர் கோடு கொஞ்சம் உயிர் பிடித்தது.

பின்னேரம் கம்பியூட்டரில் வேறு போராட்டம். அங்கே நான் கெட்டிக்காரி, அவர் புதுசு. பென்சிலால் கீறியதைப் படமெடுத்துத் திரையில் போட்டு, மேலாகப் புள்ளி வைத்துக் கோட்டை எடுக்க வேண்டும். மிஸ் ஒரு கைக்கு வைத்த புள்ளிகளைப் பார்த்தால் சீனியில் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். புள்ளி கூடக் கூடக் கோடு நடுங்கும். நான் ஒவ்வொன்றாக அழித்துக் காட்டினேன். அழிக்க அழிக்கத் தோள் வழுவழுவென்று இறங்கியது.

"நான் கஷ்டப்பட்டு வைச்ச புள்ளியள்!" என்றார்.

"தோளுக்கு ஒண்ணு, முழங்கைக்கு ஒண்ணு, மணிக்கட்டுக்கு ஒண்ணு போதும் மிஸ். எங்க திரும்புதோ அங்க மட்டும் வைங்க."

"எங்க திரும்புதோ அங்க" என்று திருப்பிச் சொன்னார். "மூட்டிலை எண்டு சொல்லும்." அன்றைக்கு மட்டும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷத்தைக் கண்டேன். அவருக்குத் தெரிந்த ஒன்றும் எனக்குத் தெரிந்த ஒன்றும் ஒரே இடத்தில் வந்து நின்ற மாதிரி.

ஆனால் தாள் முடியவில்லை. முடியவே இல்லை. நாங்கள் விழுந்து எழும்பி இரண்டு மாதத்தில் படங்கள் தயாராக இருந்தன. தூக்குபவர் கை நோயாளியின் இடுப்பில், உயிரில்லாத கை மடியில் பத்திரமாக. சேரே நன்றாயிருக்கிறது என்றார். மிஸ் அடுத்த சனிக்கிழமை வந்து பாதியை அழித்தார். பெருவிரல் சரியில்லை. தூக்குபவர் முழங்கால் மடியவில்லை. நோயாளியின் முகம் பயப்படுகிறது, பார்க்கிறவரும் பயப்படுவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் கடைக்கு வந்து நின்று ஒரு கோட்டை நகர்த்தச் சொல்லுவார். நகர்த்தினால், பழையபடி வை என்பார். முதலாளி முணுமுணுக்கத் தொடங்கினார். கல்யாணக் கார்ட் வேலை தேங்கிக் கிடந்தது.

ஒரு நாள் என் பொறுமை போய்விட்டது. "மிஸ், நீங்க எந்தப் படத்தையாவது முடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "இத இன்னைக்கே குடுத்தா இன்னைக்கே ஒரு ஆளுக்காவது உதவும். நீங்க பெருவிரல பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

மிஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கினார். வாங்குகளெல்லாம் காலியாகத்தான் இருந்தன. உட்காருவோமா என்று நான் கேட்கவில்லை. அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடந்தேன். பாதி ஏரியைச் சுற்றிய பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நான் முதலாம் வருஷம் படிக்கேக்க அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம். பேச்சும் போயிட்டுது. லீவிலை வீட்டை போனா நான்தான் காலமை எழுப்புவன். நான் வலக்கையைப் பிடிப்பன், அண்ணா மற்றக் கையை. அப்பா கத்துவார். சனமெல்லாம் சொல்லிச்சினம், இந்த வருத்தக்காரர் அப்பிடித்தான் கத்துவினமெண்டு. நாங்களும் அப்பிடித்தான் நினைச்சம்."

அடுத்த வாங்கையும் கடந்து வேகத்தைக் கூட்டினார்.

"மூண்டாம் வருஷம் ஒரு விரிவுரை. தோள்மூட்டு. இழுத்தா என்ன நடக்குமெண்டு படம் போட்டுக் காட்டினவை. நான் எழும்பி வெளியிலை வந்திட்டன். அப்ப அப்பா செத்து ஒரு வருஷம். அவர் வருத்தத்திலை கத்தேல்லை. விடு விடு எண்டு கத்தினவர்."

ஏரிக்கரையில் யாரோ மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். மிஸ் நிற்கவில்லை. சுற்றி முடித்துத் திரும்பவும் மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வந்ததும், "பெருவிரல் அப்பிடியே இருக்கட்டும். குடுப்பம்" என்றார்.

தாளை ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். மூன்று மொழியிலும் எழுத்துப் போட்டேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பன்விலவுக்கு வீட்டுக்குப் போனேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த ஒற்றை அறைக் காம்பராவில் பெரியப்பா, பெரியம்மா. பெரியப்பாவுக்கு அந்த வருஷம்தான் பாரிசவாதம் வந்திருந்தது. வலது கை கால் விழுந்து, பேச்சும் போய், ஆஸ்பத்திரியால் வந்து பாயில் கிடந்தார். அவருக்காகத்தான் கொண்டுபோனேன் என்று பெருமையாக நீட்டினேன்.

பெரியம்மா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "படம் அழகாத்தான் இருக்கு. கட்டிலுக்கு எங்க போறது?"

எல்லாப் படத்திலும் கட்டில் இருந்தது. இடுப்பு உயர ஆஸ்பத்திரிக் கட்டில். அதே மாதிரி ஒரு காம்பராவில் பிறந்து வளர்ந்த எனக்கு, மாசக்கணக்காக அந்தக் கட்டிலைக் கீறியபோது அது உறைக்கவில்லை.

மிஸ்ஸிடம் சொல்லப் பயமாக இருந்தது. மறுபடியும் முழுவதையும் அழித்துவிடுவார் என்று நினைத்தேன். சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றவர், "அவை நிலத்திலையோ படுக்கினம்?" என்றார். பிறகு, "நாளைக்கு லீவு போடுறன். நீரும் போடும்."

அடுத்த நாள் பன்வில பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். ஒற்றையடிப் பாதையில் எனக்கு முன்னால் ஏறினார். காம்பராவுக்குள் வந்ததும் பெரியப்பாவுக்குக் கை கூப்பிவிட்டு, பெரியம்மாவிடம் இன்னொரு பாய் கேட்டார். விரித்த கையோடு அதில் படுத்தார்.

"ஐயோ, டொக்டர் அம்மா, தரையெல்லாம் ஈரம்" என்று பெரியம்மா பதறினார்.

"நான் டொக்டர் இல்லை. இப்ப நான்தான் உங்கட வீட்டுக்காரர். எழுப்புங்கோ."

பெரியம்மா மெலிந்த மனுஷி. என்னைப் பார்த்தார். "இழுக்காதேங்கோ. தூக்கவும் வேண்டாம்" என்று மிஸ் தரையிலிருந்தபடியே சொல்லச் சொல்ல, பெரியம்மா அவரை நல்ல பக்கமாக உருட்டி, முழங்கையில் ஊன்ற விட்டு, உட்கார வைத்து, முழங்காலில் நிற்க வைத்து, முன்னால் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டார். இடுப்பில் ஒரு துவாயைக் கட்டிப் பின்னாலிருந்து பிடிக்கச் சொன்னார் மிஸ். முதல் தடவை இரண்டு பேரும் பக்கவாட்டில் சரிந்தார்கள். மிஸ்ஸின் கொண்டை அவிழ்ந்தது. திரும்பவும் படுத்தார். "இன்னொருக்கா."

நாலாவதோ ஐந்தாவதோ தடவை, மிஸ் முழங்காலில் தள்ளாடிக்கொண்டு நின்றபோது மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரியப்பா. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன்.

"சிரிக்கிறாரு!" என்றார் பெரியம்மா. "ஆஸ்பத்திரியால வந்து மொதத் தடவ சிரிக்கிறாரு பாரு!"

பிறகு அவரையே எழுப்பினார்கள். அவர் கத்தவில்லை. கதிரையில் வந்து உட்கார்ந்து கதவால் வெளியே தெரிந்த தேயிலை மலையைப் பார்த்தார். மிஸ் சுவரோடு ஒட்டி நின்று பென்சிலால் கீறத் தொடங்கினார். ஒவ்வொரு நிலையிலும் பெரியம்மாவை நிற்கச் சொல்லி, வெளிச்சம் போகிற வரைக்கும். அன்று அவர் அழிறப்பரை எடுக்கவே இல்லை.

அந்தக் கோடுகளை நான் கடையில் வைத்து எடுத்தேன். குறைவான புள்ளிகள், மூட்டுக்கு மூட்டு. தாளின் ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் பாய். படத்துப் பெண் கடைசியில் பெரியம்மாவைப் போலவே வந்துவிட்டார். ஒட்டிய கன்னம், இழுத்துச் செருகிய முந்தானை. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது அந்தத் தாளைக் கொடுத்தார்கள். ஒரு பிரதி பெரியப்பாவின் சுவரிலும் ஒட்டியிருந்தது.

அச்சடித்து வந்த அன்றே மிஸ் கடைக்கு வந்து, ஒரு காலின் திருப்பம் பிழை, அடுத்த அச்சில் மாற்ற வேண்டும் என்றார். சரி மிஸ் என்றேன். வாசற்படியில் நின்று, "வாற மாசம் நான் இஞ்ச இருக்கமாட்டன்" என்றார். நாட்டை விட்டுப் பலரும் போய்க்கொண்டிருந்த காலம். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அங்கே பிசியோவாகப் பதிய இன்னும் பரீட்சை எழுத வேண்டுமாம். வாழ்த்துச் சொல்வதா அழுவதா என்று நான் யோசிப்பதற்குள் தெருவைக் கடந்துவிட்டார்.

அங்கிருந்து எப்போதாவது வட்ஸ்அப்பில் கதைப்பார். நடந்துகொண்டே கதைப்பார், மூச்சு வாங்கும். கீறுகிறீர்களா என்று கேட்டால் நேரமில்லை என்பார். ஒரு தடவை, "இஞ்ச எல்லாரையும் தூக்கிறதுக்கு மெஷின் இருக்கு. ஒருத்தரையும் முகத்தைப் பாக்கத் தேவையில்லை" என்றார்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா அலுத்துப்போயிருந்தார். "எந்திரிக்கவே மாட்டேங்குறாரு. முட்டி போட்டு நிக்கிற வரைக்கும் வாறாரு, கதிரையக் கண்டா தலைய ஆட்டுறாரு. புடிவாதம். அதோட அந்தப் படத்தையும் கிறுக்கி வச்சிருக்காரு. பிள்ளைங்க வேலைன்னு பாத்தா, இவருதான்."

சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். பாய்ப் பக்கத்தின் கடைசிப் படம். நோயாளி முழங்காலில் நின்று கதிரையில் கையூன்றுகிறார். அந்தக் கதிரைக்கு அப்பால் நீலப் பேனாவால், நடுங்கிய ஒரு கோடு. நிலத்திலிருந்து நேராக மேலே. ஒன்றல்ல, அதன் மேலேயே திரும்பத் திரும்ப இழுத்து, தாள் கிழிகிற அளவுக்கு. பழகாத இடது கையால்.

நான் கதிரையைப் பார்த்தேன். காம்பராவின் நடுவில், சீமெந்துத் தரையில் நின்றது. கையால் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போனது.

சுவர். அவர் கீறியிருந்தது சுவர்.

கதிரையை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா துவாயைக் கட்டினார். முழங்காலில் வந்தார், கதிரையில் கை வைத்தார், ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். எழும்பினார்.

"அட பாவி மனுசா, இதையா சொன்ன?" என்று பெரியம்மா அவர் முதுகில் தலையை வைத்து அழுதார்.

தாளைப் படமெடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பினேன். என்ன கோடு, யார் கீறியது, ஏன் என்று கீழே எழுதினேன். உடனே அழைப்பு வந்தது. திரையில் அவர் ஏதோ ஒரு தாழ்வாரத்தில், வேலை உடுப்போடு. வழக்கமாகப் படத்தைக் கண்டால் பத்துக் குறை சொல்கிறவர் எதுவும் சொல்லவில்லை. நடக்கவும் இல்லை. அவருக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், அவர் திரும்பவில்லை.

"ஐயாட்டைக் குடும்" என்றார்.

"அவரால பேச முடியாதே மிஸ்."

"தெரியும். குடும்."

பெரியப்பாவின் முகத்துக்கு முன்னால் போனைப் பிடித்தேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அடையாளம் கண்டு தலையை அசைத்தார்.

"ஐயா" என்றார் மிஸ். போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "ஐயா, வேற என்னென்ன பிழை எண்டு கீறிக் காட்டுங்கோ."

பெரியப்பா திரையை விட்டுக் கண்ணெடுத்துச் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு இடது கையைப் பெரியம்மாவின் பக்கம் நீட்டினார். பெரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடப் போனார்.